தாத்தா விட்டுச் சென்ற போர்க்காலத் துப்பாக்கி: வைத்துக்கொள்வதா, விற்பதா?

இரண்டாம் உலகப் போருக்குப் போய்வந்த தாத்தாவோ பெரியப்பாவோ லைசன்சோடு வைத்திருந்த துப்பாக்கி, அவர் காலமான பிறகும் பீரோவில் அப்படியே கிடக்கிறதா? அப்படியானால் இது உங்களுக்காகத்தான். எங்கள் தாத்தாவின் .32 பிஸ்டலுக்காக நாங்கள் அலைந்த அலைச்சலில் பாதி, எதை முதலில் செய்வது என்று சொல்ல ஆள் இல்லாததால் வந்தது. காவல் நிலையத்தில் ஒன்று சொன்னார்கள், ஆட்சியர் அலுவலகத்தில் வேறொன்று, துப்பாக்கிக் கடையில் இரண்டுமே இல்லாத மூன்றாவது ஒன்று. வரிசை தெரிந்திருந்தால் அந்தப் பாதி அலைச்சல் மிச்சம்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். அடிப்படைச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான்: 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளும்.

விற்பதா வைத்துக்கொள்வதா என்று பலரும் முதல் நாளே வீட்டில் கூடிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்தப் பேச்சுக்கு இன்னும் நேரம் வரவில்லை. துப்பாக்கியின் குழல் அளவு என்ன, யார் பெயருக்கு மாற்ற முடியும் என்ற இரண்டும் தெரியாமல் எடுக்கும் எந்த முடிவும் நிற்காது.

1. துப்பாக்கியை விடுங்கள், லைசன்சைத் தேடுங்கள்

துப்பாக்கியை எடுத்துப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். பல வருடமாக உள்ளே தோட்டாவோடு கிடக்கும் துப்பாக்கிகள் உண்டு. வீட்டில் துப்பாக்கி பழகியவர் யாரும் இல்லையென்றால், அது இருக்கும் பீரோவைப் பூட்டிச் சாவியை ஒருவரிடம் மட்டும் கொடுத்துவையுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை அன்றைக்கே செய்யுங்கள். பழைய தோட்டாக்கள் தனியாக டப்பாவில் கிடந்தால் அவற்றையும் அதே பூட்டுக்குள் வையுங்கள். போர்க்காலத் தோட்டாவைச் சுட்டுப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மருந்து கெட்டிருக்கும், தாமதமாக வெடிக்கலாம், குழலிலேயே குண்டு சிக்கலாம். ராணுவப் பெட்டியில் கையெறி குண்டு மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால், காலிக் கூடு என்று நீங்களாக முடிவு செய்யாமல் காவல் நிலையத்துக்கு போன் செய்துவிடுங்கள்.

அப்புறம் லைசன்ஸ் புத்தகம். போட்டோ ஒட்டிய சிறு புத்தகமாக இருக்கும். சொத்துப் பத்திரங்களோடோ ஓய்வூதியக் காகிதங்களோடோ சேர்ந்து கிடக்கும். அதில் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: லைசன்ஸ் எண்ணும் கொடுத்த அலுவலகமும், கடைசியாகப் புதுப்பித்த தேதி, துப்பாக்கியின் வகை, அளவு, வரிசை எண், பிறகு யுஐஎன் எனப்படும் தனி அடையாள எண். இந்த யுஐஎன் இருந்தால் தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தில் துப்பாக்கி ஏறியிருக்கிறது என்று அர்த்தம். இல்லையென்றால் தாத்தா இருக்கும்போதே லைசன்ஸ் செல்லாமல் போயிருக்க வாய்ப்பு உண்டு. மூப்பால் வெளியே போக முடியாமல் புதுப்பிக்காமல் விட்டவர்கள் நிறைய.

லைசன்சே இல்லை, இருந்ததற்கான அடையாளமும் இல்லை என்றால், இந்தக் கட்டுரையின் மற்ற படிகளுக்குப் போகும் முன் குற்றவியல் வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். அவர் வழியாகவே காவல் நிலையத்துக்கு எழுதுங்கள். ‘யாருக்கும் தெரியாது, அப்படியே இருக்கட்டும்’ என்பது மட்டும் கூடாது. லைசன்ஸ் இல்லாமல் சாதாரணத் துப்பாக்கி வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு சிறை. தடை செய்யப்பட்ட வகை என்றால் 7 முதல் 14 ஆண்டு. 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை இப்படிக் கூடியிருக்கிறது.

2. எழுதிக் கொடுத்துவிட்டு ஒப்படையுங்கள்

லைசன்ஸ் ஆளுக்குரியது, வீட்டுக்குரியது கிடையாது. அவர் காலமான அன்றே அது முடிந்துபோகிறது. அதன் பிறகு அந்தத் துப்பாக்கி உங்கள் வீட்டில் இருப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. சட்டத்தின் 21ஆவது பிரிவு தேவையில்லாத தாமதம் இன்றி ஒப்படைக்கச் சொல்கிறது. இறப்புச் சான்று கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. காரியம் முடிந்த கையோடு செய்துவிடலாம்.

இங்கே பலர் விழும் குழி ஒன்று இருக்கிறது. நல்ல எண்ணத்தோடு துப்பாக்கியைப் பையில் போட்டு பைக்கில் ஸ்டேஷனுக்கு எடுத்துப் போவார்கள். வழியில் வாகனச் சோதனை நடந்தால், லைசன்ஸ் இல்லாமல் ஆயுதம் கொண்டு போகும் ஆள் நீங்கள். அதனால் முதலில் ஒரு கடிதம் எழுதுங்கள். தாத்தாவின் பெயர், இறந்த தேதி, லைசன்ஸ் எண், துப்பாக்கி விவரம், தோட்டா எத்தனை, எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, ஒப்படைக்க விரும்புகிறோம் என்ற வரி. இதைத் துப்பாக்கி இல்லாமல் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, மனு பெற்றதற்குக் காவல் நிலையம் தரும் சிஎஸ்ஆர் ரசீதை வாங்குங்கள். ‘வந்து எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது இன்ன தேதியில் கொண்டு வரச் சொல்லி எழுதிக் கொடுங்கள்’ என்று கேளுங்கள். ஒரு நகல் லைசன்ஸ் கொடுத்த அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் போகட்டும்.

ஒப்படைக்க இரண்டு இடங்கள் உண்டு: காவல் நிலையம், அல்லது லைசன்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடை. காவல் நிலையத்தில் வாடகை கிடையாது. ஆனால் அங்கே துப்பாக்கிக்கு எண்ணெய் போட யாரும் இல்லை. மழைக்காலம் ஒன்று தாண்டினால் துரு ஏறத் தொடங்கும். கடையில் மாத வாடகையோ வருட வாடகையோ வாங்குவார்கள், கடைக்குக் கடை மாறும். பதிலுக்கு உலர்ந்த இடத்தில் துடைத்து வைப்பார்கள். துப்பாக்கிக்கு விலை இருக்கும் என்று தோன்றினாலோ, குடும்பத்தில் யாராவது வைத்துக்கொள்ள நினைத்தாலோ கடையே நல்லது. அப்போதும் காவல் நிலையத்துக்குத் தெரிவித்த பிறகே கடைக்கு மாற்றுங்கள். வாடகையைச் சேர்த்துப் பாருங்கள்: பெயர் மாற்றம் இழுத்துக்கொண்டே போனால், மொத்தச் செலவில் பெரிய பங்கு இதுவாகத்தான் இருக்கும்.

ரசீதை வாங்கும்போது அவசரப்படாதீர்கள். ‘பழைய கைத்துப்பாக்கி ஒன்று’ என்று மட்டும் எழுதிய ரசீது பிற்பாடு எதற்கும் உதவாது. தயாரிப்பாளர், அளவு, வரிசை எண், தோட்டா எண்ணிக்கை, உறை இருக்கிறதா, கைப்பிடியில் கீறல் உண்டா எல்லாம் அதில் இருக்க வேண்டும். நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். எவ்வளவு காலத்துக்குள் மீட்கவோ விற்கவோ வேண்டும் என்பதை அங்கேயே கேட்டு ரசீதில் குறித்து வாங்குங்கள். விதியில் சொன்ன காலத்துக்குள் நீங்கள் எதுவும் செய்யாவிட்டால் துப்பாக்கி அரசுக்குப் போய்விடும்.

3. குழல் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

துப்பாக்கிகளை அரசு இரண்டாகப் பிரிக்கிறது. தடை செய்யப்பட்டவை, பேச்சு வழக்கில் பிபி. மற்றவை என்பிபி. என்பிபிக்கு லைசன்ஸ் கொடுப்பது மாவட்ட ஆட்சியர். காவல் ஆணையரகம் உள்ள நகரங்களில் காவல் ஆணையர். பிபி என்றால் கோப்பு டெல்லியில் உள்துறை அமைச்சகம் வரை போகும்.

போர்க்காலத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை ராணுவத் தோட்டாவைப் போடுபவை. ராணுவத் தோட்டா என்றால் பிபி. இந்தியாவில் வீடுகளில் இருந்து வெளிவரும் வகைகளைப் பார்த்தால்:

.303 லீ என்ஃபீல்டு ரைஃபிள், பிபி. கைப்பிடி வளையத்தில் கிரீடமும், மேற்கு வங்காளத்தின் இஷாப்பூர் துப்பாக்கி ஆலையில் செய்ததென்றால் ஜிஆர்ஐ என்ற எழுத்துகளும் ஆண்டும் பொறித்திருக்கும்.

.455 வெப்லி ரிவால்வர், பிபி. போரில் அதிகாரிகளிடம் இருந்த .380 வெப்லி, என்ஃபீல்டு ரிவால்வர்களும் அப்படியே. இவற்றைப் பேச்சில் ‘பாயிண்ட் 38’ என்பார்கள். பெயரை நம்பாமல் எந்தத் தோட்டா உள்ளே போகிறது என்று பார்க்க வேண்டும்.

9 மிமீ பிஸ்டல்கள், .45 கோல்ட், பிபி. தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் ராணுவ ரைஃபிள்களும் கார்பைன்களும் பிபி.

.410 மஸ்கெட். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். .303 ரைஃபிளையே மாற்றி, காவல் பணிக்காகச் செய்தது இது. ‘.410 என்றால் சின்ன வேட்டைத் துப்பாக்கிதானே’ என்று நினைப்பார்கள். பட்டியலில் மஸ்கெட் பிபியாகத்தான் இருக்கிறது.

.32 பிஸ்டல், .32 ரிவால்வர், .22 ரைஃபிள், ‘12 போர்’ (bore) குழல் அளவுள்ள இரட்டைக்குழல் துப்பாக்கி: இவை என்பிபி. வெப்லி அண்ட் ஸ்காட் .32 பிஸ்டல் வைத்திருந்த குடும்பங்கள் ஓரளவு அதிர்ஷ்டசாலிகள்.

எங்களுக்கு நேர்ந்ததைச் சொன்னால் உங்களுக்கு உதவும். லைசன்சில் .32 என்றும் பிஸ்டலின் மேல் 7.65 என்றும் இருந்தது. அளவு பொருந்தவில்லை என்று மனு திரும்பி வந்தது. இரண்டும் ஒரே தோட்டாதான். ஒன்று அங்குலக் கணக்கு, மற்றது மில்லிமீட்டர் கணக்கு. அதைவிட ஆபத்து, 7.65ஐ யாராவது 7.62 என்று படித்துவிடுவது. 7.62 ராணுவ அளவு, பிபி. ஒரு இலக்கம் மாறினால் உங்கள் கோப்பு வேறு பாதைக்குப் போய்விடும். துப்பாக்கிக் கடைக்காரரிடம் அவருடைய கடைத் தாளில் ‘இந்தத் துப்பாக்கி .32 ஏசிபி தோட்டாவைப் போடுவது, அதுவே 7.65 மிமீ பிரௌனிங்’ என்று எழுதி வாங்கி, எண்கள் தெரியும்படி கிட்டத்தில் எடுத்த போட்டோவை இணைத்த பிறகே எங்கள் மனு நகர்ந்தது. உங்களுடையதில் இரண்டு எண்களும் வேறாக இருந்தால் இந்தக் கடிதத்தை முதல் மனுவோடே வையுங்கள்.

வரிசை எண்ணையும் லைசன்சோடு ஒப்பிடுங்கள். அலுவலக எழுத்தர் கையால் எழுதிய பழைய புத்தகங்களில் 3 எட்டாகவும் 1 ஏழாகவும் மாறிக் கிடக்கும். எண் மங்கலாக இருக்கிறது என்று உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். அடையாள எண்ணை அழிப்பது 8ஆவது பிரிவின்படி குற்றம். அழிக்கும் எண்ணம் உங்களுக்கு இல்லை என்பதைப் பிறகு நிரூபிப்பது கடினம்.

‘இது பழம்பொருள், லைசன்சே வேண்டாம்’ என்று சொல்லும் உறவினர் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். சட்டம் விலக்கு தருவது உண்மைதான். ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் உள்ள, வழக்கொழிந்த ஆயுதங்களுக்கு மட்டும். போர்க்காலத் துப்பாக்கி எண்ணெய் போட்டுத் துடைத்தால் இன்றைக்கும் சுடும். பயிற்சிக்கு என்று டிபி முத்திரை குத்திய ரைஃபிளும் சரிசெய்தால் சுடும். அந்த விலக்கு உங்களுக்குப் பொருந்தும் என்று நீங்களாக வைத்துக்கொள்ளாதீர்கள். லேத்தில் கொடுத்துக் குழலை அடைத்துவிட்டால் போதும் என்ற யோசனையும் வேண்டாம். அனுமதி இல்லாமல் துப்பாக்கியை மாற்றி அமைப்பதே தனிக் குற்றம்.

4. யார் பெயருக்கு?

துப்பாக்கியைப் பங்கு போட முடியாது. ஒருவர் பெயருக்குத்தான் வரும். மற்ற வாரிசுகள் எல்லோரும் ஆட்சேபணை இல்லை என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். விற்பதாக இருந்தாலும் இந்தப் பத்திரங்கள் தேவைப்படும் என்பதால், முடிவு எதுவானாலும் இந்தப் படியை இப்போதே முடியுங்கள்.

இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இரண்டும் முதலில் வேண்டும். இறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. வாரிசுச் சான்று வட்டாட்சியரிடம் இருந்து வரும்; இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரித்து அனுப்ப வாரக்கணக்கில் ஆகும். உயில் இருந்தால் அதில் துப்பாக்கி தனியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

வெளிநாட்டில் வாரிசு இருந்தால் அவருடைய பத்திரம் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று வர வேண்டும். மொத்த வேலையையும் நிறுத்தி வைப்பது பெரும்பாலும் இந்த ஒரு தாள்தான். எல்லாவற்றுக்கும் முன்னால் அதைக் கேட்டு எழுதிவிடுங்கள்.

பெயருக்கு மாற்றப்போகிறவர் 21 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். அவர் மேல் குற்ற வழக்குகள் இருந்தால் சிக்கல். அவர் ஏற்கெனவே இரண்டு துப்பாக்கி வைத்திருந்தால் மூன்றாவது முடியாது; குடும்பச் சொத்தாக வருவதற்கும் இந்த இரண்டு என்ற வரம்பு உண்டு. மனு போடுவது அவர் குடியிருக்கும் மாவட்டத்தில். துப்பாக்கி தஞ்சாவூரில் இருக்கிறது, மகன் பெங்களூரில் இருக்கிறார் என்றால், பெங்களூரில்தான் மனு. சொந்த ஊர் முகவரியைக் காட்டி ஊரில் வாங்கிவிடலாம் என்று நினைத்தால், காவலர் விசாரணைக்கு வரும்போது வீடு பூட்டியிருக்கும், அறிக்கை எதிராகப் போகும். பெண் வாரிசுக்குத் தரமாட்டார்கள் என்ற பேச்சில் உண்மை இல்லை. அத்தையோ அக்காவோ ஊரிலேயே இருந்து விருப்பமும் காட்டினால் அவர்களே பொருத்தமானவர்கள்.

5. இப்போது முடிவெடுங்கள்

நான்கு படிகளும் முடிந்தால் உங்கள் கையில் பதில்கள் இருக்கும். என் அபிப்பிராயம் இது.

என்பிபி, பொருத்தமான ஆள் ஊரில் இருக்கிறார், அவருக்கு உண்மையிலேயே ஆர்வம் இருக்கிறது என்றால் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் சித்தப்பாவுக்கு மாற்றியது அதனால்தான். அவர் ரைஃபிள் கிளப்பில் பழகியவர், துடைத்துப் பராமரிக்கத் தெரிந்தவர். ஆர்வம் என்பதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வருடம் முழுக்கப் பூட்டுப் பெட்டி, தவறாமல் எண்ணெய், தேர்தல் அறிவித்தால் ஒப்படைக்கச் சொல்லி வரும் கடிதம், முடிந்ததும் போய்த் திரும்ப வாங்குவது, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு, வீடு மாறினால் தகவல், தொலைந்தால் உடனே புகார். இதையெல்லாம் பாசத்துக்காக ஒரு வருடம் செய்வார்கள். இருபது வருடம் செய்ய வேறு ஒரு பிடிப்பு வேண்டும்.

என்பிபி, ஆனால் யாருக்கும் ஆர்வம் இல்லை என்றால் விற்றுவிடுங்கள். தனியார் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வது பல பத்தாண்டுகளாக நின்றுபோனதால், நல்ல நிலையில் உள்ள பழைய இங்கிலாந்து, ஜெர்மனி .32களுக்கு வாங்குபவர்கள் இருக்கிறார்கள். விலை நீங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகக்கூட இருக்கலாம்.

பிபி என்றால் கணக்கு வேறு. வாரிசுக்குக் கொடுக்க விதியில் வழி இருக்கிறது, ஆனால் டெல்லிப் பாதை நீளமானது, அந்தக் காலம் முழுக்கக் கடை வாடகை ஓடும். விற்கலாம் என்றாலும் பிபி லைசன்ஸ் உள்ளவர்தான் வாங்க முடியும், அவர்கள் மிகக் குறைவு. வெளிநாட்டு ஏலத்தில் நல்ல விலைக்குப் போகும் அதே வெப்லி இங்கே அநேகமாக விலை போகாது. இணையத்தில் பார்த்த டாலர் விலையை மறந்துவிடுங்கள். அனுப்பியும் விற்க முடியாது. முதல் உலகப் போர்க் காலத்துத் துப்பாக்கி நூறு வயதைத் தாண்டிவிட்டதால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் ஏற்றுமதித் தடைக்குள்ளும் வந்துவிடுகிறது. பிபி வைத்திருக்கும் குடும்பங்கள் பெரும்பாலோருக்கு நான் சொல்வது 8ஆவது படி.

தாத்தாவின் நினைவு துப்பாக்கியில் மட்டும் இல்லை. தோல் உறை, பெல்ட், பதக்கங்கள், திசைகாட்டி, பே புக் எனப்படும் ராணுவச் சம்பளப் புத்தகம், போர்முனையில் இருந்து எழுதிய கடிதங்கள்: இவற்றுக்கு லைசன்ஸ் வேண்டாம். எங்கள் வீட்டில் உறையின் உள்மடிப்பில் தாத்தாவின் ராணுவ எண் மையால் எழுதியிருக்கிறது; அதன் மேல் எழுத்து பாதி அழிந்து, வெயிலில் சாய்த்துப் பிடித்தால்தான் படிக்க முடியும். பிஸ்டலைவிட அதைத்தான் பேரப்பிள்ளைகள் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்கள். ஆனால் உறைக்கும் விலை உண்டு. விற்பதாக இருந்தால் உறை சேர்கிறதா இல்லையா என்பதை முதலிலேயே வீட்டில் பேசிவிடுங்கள்.

6. வைத்துக்கொள்வதென்றால்

மனு ஏ-1 படிவத்தில், என்டிஏஎல்-ஏஎல்ஐஎஸ் என்ற அரசு இணையதளம் வழியாக. புது லைசன்சுக்கான மனு மாதிரிதான். வாரிசு அடிப்படையில் என்பதைத் தெளிவாகக் குறிக்க வேண்டும்.

தயாராக வைக்க வேண்டியவை: ஆதார், பான், இருப்பிடச் சான்று, போட்டோ, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் பிரமாணப் பத்திரங்கள், தாத்தாவின் அசல் லைசன்ஸ், ஒப்படைத்த ரசீது, உடல், மன நலத்துக்கான மருத்துவச் சான்று, ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்று, வீட்டில் பத்திரமாக வைப்பதற்கான உறுதிமொழி. மருத்துவச் சான்றையும் பயிற்சியையும் பலர் கடைசிக்கு விடுகிறார்கள். பயிற்சி எல்லா ஊரிலும் எல்லா வாரமும் நடப்பதில்லை. வாரிசுச் சான்றுக்குக் காத்திருக்கும் நாட்களிலேயே அதை முடித்துவிடலாம்.

மனு காவல் நிலையத்துக்கு விசாரணைக்குப் போகும். முப்பது நாளுக்குள் அறிக்கை தர வேண்டும் என்று விதி சொல்கிறது. நடைமுறையில் மாதங்கள் ஆகும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் அதுவும் நின்றுபோகும். விசாரணைக்கு வரும் காவலரிடம் துப்பாக்கியை எங்கே வைப்பீர்கள் என்பதைக் காட்ட வேண்டும். சுவரில் அடித்துப் பொருத்திய இரும்புப் பெட்டியை அதற்கு முன்பே வாங்கிவைத்தால் கேள்விகள் குறையும்.

அரசுக் கட்டணம் சிறிய தொகைதான். செலவு வேறு இடங்களில் இருக்கிறது: நோட்டரி, பயிற்சி, மருத்துவர், இரும்புப் பெட்டி, கடை வாடகை. ‘எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று மொத்தமாகப் பேசும் இடைத்தரகர்கள் அலுவலக வாசலில் கிடைப்பார்கள். எந்த விதியையும் அவர்களால் மாற்ற முடியாது. ஆனால் உங்கள் அசல் லைசன்சைக் கையில் வாங்கிவிட்டால் நீங்கள் அவர்களிடம் மாட்டிக்கொள்வீர்கள். அசலை அலுவலகத்தில் மட்டும் கொடுங்கள், ரசீதோடு கொடுங்கள்.

மறுத்துவிட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சட்டத்தின் 18ஆவது பிரிவில் மேல்முறையீடு உண்டு. அதற்குக் கால வரம்பும் உண்டு என்பதால் உத்தரவு கைக்கு வந்த வாரமே வழக்கறிஞரைப் பாருங்கள்.

7. விற்பதென்றால்

எளிய வழி, லைசன்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடை. உங்களுக்கு லைசன்ஸ் இல்லாத நிலையில், விற்பதற்காக மட்டும் குறிப்பிட்ட காலத்துக்கு அனுமதி தர உரிம அதிகாரிக்கு வழி இருக்கிறது. அந்த அனுமதியை எழுத்தில் வாங்கிய பிறகே விலை பேசுங்கள்.

ஒரே கடையில் விலை கேட்டு முடிக்காதீர்கள். குறைந்தது இரண்டு கடைகள், முடிந்தால் வேறு வேறு ஊர்களில். கடைக்காரர் மொத்தமாக வாங்கிக்கொள்வாரா, இல்லை விற்றுக் கொடுத்துக் கழிவு எடுப்பாரா என்று கேளுங்கள். முதலாவதில் பணம் உடனே, தொகை குறைவு. இரண்டாவதில் தொகை அதிகம், காத்திருப்பும் அதிகம். அவசரம் இல்லாதவர்களுக்கு இரண்டாவது நல்லது.

விலையைத் தீர்மானிப்பது பழமை மட்டும் இல்லை. பாகங்களில் உள்ள எண்கள் எல்லாம் ஒன்றாக இருக்கிறதா, மேல்பூச்சு அசலா, குழலின் உள்ளே வரிகள் தேயாமல் இருக்கிறதா, அசல் மேகசின் உண்டா என்று பார்ப்பார்கள். பளபளப்பாக்கினால் நல்ல விலை கிடைக்கும் என்று பாலிஷ் போடுகிறார்கள். அதில் விலை பாதியாகப் போகும். துரு இருந்தால் இருந்தபடியே காட்டுங்கள்.

தெரிந்தவருக்கே நேரடியாக விற்பதென்றால் அவர் லைசன்சில் அந்த வகை வாங்க அனுமதி இருக்க வேண்டும். வாங்குபவரின் பெயர், முகவரியோடு மாவட்ட நிர்வாகத்துக்கோ அருகில் உள்ள காவல் நிலையத்துக்கோ எழுதிக் கொடுத்து, 45 நாள் கழிந்த பிறகுதான் துப்பாக்கி கைமாறலாம். ‘நம்ம ஆளுதான்’ என்று இதைத் தாண்டிப் போகாதீர்கள். பணம் வங்கி வழியாகவே வரட்டும். வாங்குபவரின் லைசன்ஸ் நகலை அசலோடு ஒப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். சமூக வலைத்தளத்தில் படம் போட்டு விலை கேட்பது வேண்டவே வேண்டாம்.

8. இரண்டும் முடியாதென்றால்

அரசிடமே ஒப்படைத்துவிடலாம். உரிமையை விட்டுக்கொடுக்கிறோம் என்று எல்லா வாரிசுகளும் கையெழுத்திட்டு உரிம அதிகாரிக்கு எழுதிக் கொடுத்தால் போதும். பணம் வராது, பாரம் போகும்.

குறிப்பிடத்தக்க வரலாறு உள்ள துப்பாக்கி என்றால் அருங்காட்சியகத்தையோ தாத்தா இருந்த படைப்பிரிவையோ கேட்டுப் பார்க்கலாம். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் ஆயுதங்களுக்கெனத் தனிக்கூடம் உண்டு. மெட்ராஸ் ரெஜிமென்டின் மையம் நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். .303 அவர்களிடம் ஏற்கெனவே நிறைய இருக்கும். பெயர், படைப்பிரிவு எண், போர்முனைக் கடிதம் என்று ஆதாரத்தோடு வருவதையே கவனிப்பார்கள். அவர்கள் ஏற்கிறோம் என்று எழுத்தில் தந்த பிறகு, அந்தக் கடிதத்தோடு உரிம அதிகாரியின் உத்தரவு வாங்கி, காவல் நிலையத்தில் இருந்து நேராக அவர்களுக்குப் போக வேண்டும். நீங்கள் இடையில் எடுத்துச் செல்லக் கூடாது.

9. பதிவை முடியுங்கள்

துப்பாக்கி போனதோடு வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். பதிவேட்டில் அது இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும். அடுத்த தேர்தலுக்கு, இறந்தவர் பெயரில் ஒப்படைக்கச் சொல்லி வீட்டுக்கு ஆள் வரும். அதனால் விற்ற ரசீதின் நகலையும் தாத்தாவின் லைசன்ஸ் புத்தகத்தையும் வைத்து, தரவுத்தளத்தில் இருந்து நீக்கக் கோரி உரிம அலுவலகத்துக்கு எழுதுங்கள். உள்ளூர்க் காவல் நிலையப் பதிவேட்டிலும் நீக்கியதாக எழுதி வாங்குங்கள். இறப்புச் சான்று, சிஎஸ்ஆர், ஒப்படைத்த ரசீது, 45 நாள் அறிவிப்பு, விற்பனை ரசீது, நீக்கல் உத்தரவு: ஆறின் நகலும் ஒரே உறையில், வீட்டுப் பத்திரத்தோடு இருக்கட்டும். ஊரில் இருக்கும் இன்னொரு வாரிசிடமும் ஒரு செட் கொடுத்துவையுங்கள்.